வலிக்குதுன்னு ஒரு வார்த்தை

அவருகிட்ட கேக்காதீங்க டீச்சர், பதில் வராது. அவரு தூங்குறாரு.

கண்ணு திறந்திருக்கேன்னு பாக்குறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க. அது செஞ்சு வச்ச கண்ணும்மா. ரெண்டுமே. இமை முழுசா மூடாது, தூங்கும்போதும் அரைவாசி திறந்தே கிடக்கும். ஜன்னலத்தானே சாத்தணும், நான் சாத்துறேன். புழுதி என்னமா வருது!

டீச்சர்தானே நீங்க? மடியில பேப்பர்க் கட்டைப் பாத்ததுமே நினைச்சேன். நான் டெய்லரு. பிளவுஸ் தைக்கிறேன். ஆளைப் பாத்தா அளவும் சொல்லுவேன், தொழிலும் சொல்லுவேன். எம் பேரு அன்னபாக்கியம். இவரு என் வீட்டுக்காரரு, பொன்னுரங்கம். கரண்டு ஆபீஸ்ல போன் எடுக்குற வேலை. கரண்டு போச்சுன்னா ஊரே இவருக்குத்தான் போன் போடும். உங்களுக்குக் கரண்டு இருந்தா என்ன போனா என்ன, அதான் பதறாம பேசுறீங்கன்னு கூட வேலை பாக்குறவங்க கேலி பண்ணுவாங்க, இவரும் சேந்து சிரிப்பாரு. எந்தத் தெருவுக்கு எந்த டிரான்ஸ்பார்மரு, எந்த லைன்மேன் இந்நேரத்துக்கு எந்த டீக்கடையில நிப்பாரு, எல்லாம் மனப்பாடம். இருபத்தாறு வருஷ சர்வீசு. இந்த நாலு வருஷத்தைத் தள்ளிட்டா ஒரு புகார் கிடையாது.

இப்ப விசாரணைக்குத்தான் போறோம். திருச்சி பெரிய ஆபீஸ்ல, ரெண்டு மணிக்கு. வேலை நிக்குமா போகுமான்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும். அந்த மனுஷன் எப்படித் தூங்குறாரு பாருங்க.

வேணும்னு தூங்கல டீச்சர். இந்த வாரம் இவருக்குப் பகல்தான் ராத்திரி. நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். இன்னும் பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லியிருந்தாங்கன்னா ஜம்முனு வந்து உக்காந்து டாண்டாண்ணு பதில் சொல்லியிருப்பாரு. தேதிய மாத்திக் குடுங்கன்னு ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் நின்னேன். எதுக்கும்மான்னு கேட்டாங்க. அன்னிக்கு அவரு தூங்கிருவாருங்கன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. நானே அந்த நாற்காலியில உக்காந்திருந்தாலும் அப்படித்தான் பாத்திருப்பேன்.

என்ன குத்தமா? சொல்றேன். ஆடிக் காத்துல ஒரு தோட்டத்துல லைன் அறுந்து விழுந்திருக்கு. தோட்டக்காரரு ஏழு தடவை போன் அடிச்சிருக்காரு. பட்டப்பகல், மதியம் ஒரு மணி. அந்நேரம் பாத்து பணம் கட்ட வந்த ஒருத்தரு இவரை செல்லுல படம் எடுத்துட்டாரு. போன் அடிக்குது, அடிக்குது, இவரு கண்ணத் திறந்துக்கிட்டு அசையாம உக்காந்திருக்காரு. அங்க கறவை மாடு செத்துப் போச்சு. மாட்டை அவுக்கப் போன மனுஷன் ஒரு எட்டு கூட வச்சிருந்தா அவரும் போயிருப்பாரு. அந்தப் படத்தை ஊரே பாத்துச்சு. 'விழித்திருந்தும் வேண்டுமென்றே கடமை தவறினார்'னு குத்தப் பத்திரிகை எழுதிட்டாங்க.

அது செயற்கைக் கண்ணுன்னு நாங்க சொல்லாமலா இருப்போம்? சொன்னோம். அப்ப தூங்கினாரா, டூட்டி நேரத்துல தூங்குறதும் குத்தம்தானேங்கிறாங்க. தூங்கினதுக்கு ஏற்கெனவே மூணு மெமோ இருக்கு. முழிச்சிருந்தாருன்னாலும் போச்சு, தூங்கினாருன்னாலும் போச்சு. எந்தப் பக்கம் திரும்புறதுன்னே தெரியல டீச்சர்.

முன்னாடியெல்லாம் அப்படி இல்ல. நாலரை மணின்னா நாலரை, அலாரம் கிடையாது, கோழி கிடையாது, அவரா எந்திரிச்சுருவாரு. பல்லைத் தேச்சுக்கிட்டு வாசல்ல கிழக்கு முகமா நிப்பாரு, நல்லா விடியுற வரைக்கும். எதிர்வீட்டம்மா அவரைப் பாத்துட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கும். ராத்திரி ஒன்பதரைக்குக் கட்டையச் சாய்ச்சாருன்னா கொசு கடிச்சாலும் தெரியாது.

அப்புறம்தான் இந்தக் கூத்து. பத்துப் பதினஞ்சு நாள் ஒழுங்கா இருப்பாரு. அப்புறம் மெதுவாப் பிசக ஆரம்பிக்கும். ராத்திரி தூக்கம் வரலைன்னு உக்காந்துக்குவாரு. என் கொக்கி டப்பாவ எடுத்து வச்சுக்கிட்டு சின்னது பெருசு தடவிப் பிரிச்சுப் போடுவாரு. காலையில ஆபீசுக்குக் கிளம்புற நேரம் கால் துவண்டு விழுந்துருவாரு. நான் விடுவேனா? தண்ணிய மூஞ்சியில அடிச்சேன். கடுங்காப்பி குடுத்தேன். கிள்ளினேன். இந்தக் கை கன்னிப்போயிருக்கு பாருங்க, நான் கிள்ளினதுதான். இது இன்னிக்குக் காலையில பஸ் ஏறுறதுக்கு. சும்மா சொல்லக் கூடாது, திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. 'இன்னும் ஒண்ணு கிள்ளு பாக்கியம், இப்பத் தெளியுது'ம்பாரு.

சோம்பேறின்னு திட்டியிருக்கேன். குடிக்கிறாரோன்னு வாய மோந்து பாத்திருக்கேன். யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு ரெண்டு கோயில்ல கயிறு கட்டினேன். சர்க்கரைக்குப் பாத்தாச்சு, தைராய்டுக்குப் பாத்தாச்சு, தலையை ஸ்கேன் எடுத்தாச்சு. எல்லாம் சரியா இருக்குன்னாங்க. சரியா இருக்குன்னு சொல்றதைக் கேட்டு அழுத பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கண்ணா? அதுக்குத்தான் வர்றேன். அதுலயும் நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நீங்களே சொல்லுங்க.

நாலு வயசுல அம்மை வார்த்துப் பூ விழுந்த கண்ணு இவருக்கு. ஒண்ணு சுருங்கி உள்ள போயிருச்சு. இன்னொண்ணு வெள்ளையா வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டா காது உறுத்துதுன்னு கழட்டிப் பையில போட்டுக்குவாரு. எனக்கு அந்த மூஞ்சி பழகிப்போச்சும்மா. நான் எனக்காகச் சொல்லல. மத்தவங்க பாக்குறாங்கல்ல? கோயில்ல, விசேஷத்துல, பஸ்ஸுல, அவரை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் என்னைப் பாப்பாங்க. அந்த ரெண்டாவது பார்வை இருக்கே, அது அவருக்குத் தெரியாது. இருபது வருஷமா அதை வாங்குனது நானு. ஒரு நூல் கோணினாலும் பிரிச்சுத் திரும்பத் தைக்கிறவ நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்களுக்கு ஒரே பொண்ணு, வசுமதி. அவளைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல இடம். மாப்பிள்ளையோட அக்கா புள்ள, மூணு வயசு இருக்கும், தத்தித் தத்தி வந்து இவரு முழங்காலைப் பிடிச்சுது. இவரும் ஆசையாக் குனிஞ்சாரு. அது அண்ணாந்து பாத்துட்டு ஒரு கத்து கத்துச்சு பாருங்க, இன்னும் எங்காதுல இருக்கு. நாற்காலிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு வரவே மாட்டேன்னுருச்சு. வந்தவங்க காப்பியப் பாதியில வச்சுட்டு, போய்ச் சொல்லி அனுப்புறோம்னாங்க. சொல்லி அனுப்பவே இல்ல. வசு டம்ளரையெல்லாம் கழுவி வச்சா, அவ்வளவுதான்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். கண்ணை எடுத்துட்டு நல்லதா ரெண்டு வச்சுரணும்னு.

இவரு வேணாம்னாரு. காலையில வாசல்ல நின்னா நெத்திக்குள்ள என்னமோ தெளியுற மாதிரி இருக்கு பாக்கியம், அது போயிருமோன்னு பயமா இருக்குன்னாரு. நான் சிரிச்சேன். அது வெயிலுங்க, மூஞ்சியில சுள்ளுனு படுது, அதுக்குக் கண்ணெதுக்குன்னேன். உங்க மக கல்யாணம் முக்கியமா, வாசல்ல நிக்கிறது முக்கியமான்னு கேட்டேன்.

ஆஸ்பத்திரியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு டாக்டரு. வெளிச்சம் தெரியுதான்னாரு. தெரியலைங்கன்னாரு இவரு. வலி இருக்கான்னாரு. இல்லைங்கன்னாரு. அப்ப எதுக்கு எடுக்கணும், வலி இல்லாத கண்ணை நாங்க தொட மாட்டோம், போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. நல்ல டாக்டருதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டு மாசம் விட்டுத் திரும்பப் போனோம். வேற டாக்டரு. உள்ள போறதுக்கு முன்னாடி பெஞ்சுல வச்சு இவருகிட்டச் சொன்னேன். வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்னு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். டாக்டர் கேட்டதும் என் பக்கமா மூஞ்சியத் திருப்பினாரு. நான் மேசைக்கு அடியில அவரு தொடைய அமுக்கினேன். 'ரொம்ப வலிக்குதுங்க, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க'ன்னாரு. அந்த ரெண்டாவது வாக்கியம் நான் சொல்லிக் குடுக்கல டீச்சர். நல்லா இருக்கட்டும்னு அவராச் சேத்துக்கிட்டாரு.

கண்ணு என்னமோ அமைஞ்சு போச்சு. லேசாப் பழுப்புக் கலந்த கருப்பு, வெள்ளையில ரெண்டு செவப்பு நரம்பு கூட வரைஞ்சிருக்காங்க. ஆறு மாசத்துல வேற வரன் வந்துச்சு, முடிஞ்சுது. கல்யாணத்துல போட்டோ பிடிக்கிறவன், 'சார், நீங்க மட்டும் இந்தப் பக்கம் பாருங்க சார்'னு இவரைப் பாத்துக் கத்துறான்! அவனுக்கே தெரியல! எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. எங்க கல்யாணத்துக்கப்புறம் நான் அவரு பக்கத்துல நிமிந்து நின்னு எடுத்த போட்டோ அது ஒண்ணுதான். இந்தாங்க, பர்ஸுல வச்சிருக்கேன். எப்படி இருக்காரு? ராஜா மாதிரி இல்ல?

அந்தப் போட்டோ எடுத்த அரை மணி நேரத்துல மேடைக்குப் பின்னாடி போய்த் தூங்கிட்டாரு. வசு கிளம்புறப்ப கால்ல விழுந்து கும்பிட வந்தா. எழுப்புறேன் எழுப்புறேன், எந்திரிக்கல. தூங்குற கால்ல விழுந்துட்டுப் போனா எம் பொண்ணு. அலைச்சல்னு நினைச்சேன்.

மண்ணச்சநல்லூர் தாண்டியாச்சா? இன்னும் முக்கா மணி நேரம் தூங்கட்டும். அங்க போய் முழிக்கணும்ல.

கடைசியா ஒரு சின்ன வயசு லேடி டாக்டரு, தூக்கத்துக்குன்னே பாக்குறவங்க. அவங்கதான் ஒரு நோட்டுப் போடச் சொன்னாங்க. எப்பத் தூங்குறாரு, எப்ப எந்திரிக்கிறாரு, ஆறு வாரம் விடாம எழுதணும்னு. என் அளவு நோட்டுலயே எழுதினேன், ஒரு பக்கம் பிளவுஸ் அளவு, ஒரு பக்கம் இவரு தூக்கம். அவங்க அதை வாங்கிக் கட்டம் போட்ட தாள்ல ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்தாங்க. எங்களுக்குத் தாறுமாறா இருந்தது அந்தத் தாள்ல கோணாம ஒரே சாய்வா வருது, துணியில கிராஸ் வெட்டுறதுக்கு சாக்பீஸ் கோடு போட்ட மாதிரி. தினமும் முக்கா மணி நேரம் தள்ளிப் போகுது தூக்கம். அப்படியே பகலைச் சுத்தி, ராத்திரியைச் சுத்தி, அஞ்சு வாரத்துல பழைய இடத்துக்கு வந்து நிக்குது. மறுபடியும் கிளம்பிருது.

மூளைக்குள்ள ஒரு கடியாரம் இருக்காம் டீச்சர். எனக்கு, உங்களுக்கு, இந்த டிரைவருக்கு, எல்லாருக்கும். அது சரியா இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஓடாதாம். பெரும்பாலும் கொஞ்சம் இழுத்துத்தான் ஓடுமாம். தினமும் காலை வெளிச்சம் கண்ணு வழியா உள்ள போய் அதைத் தட்டிச் சரியா வைக்குமாம். பாக்குறதுக்கு ஒரு பாதை, இதுக்கு வேற பாதையாம். பார்வை போன கண்ணுலயும் சில பேருக்கு அந்தப் பாதை மட்டும் உசிரோட இருக்குமாம். அவங்களுக்கே தெரியாதாம், டார்ச் அடிச்சுக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்களாம்.

'அம்மா, இவருக்கு அந்தப் பாதை இருந்திருக்கு. அதுதான் தினமும் நாலரைக்கு எழுப்பியிருக்கு. கண்ணை எடுத்தப்ப அதுவும் போயிருச்சு. வலி இல்லாட்டி எடுத்திருக்கவே கூடாது'ன்னாங்க. வலி இருந்துச்சுங்கம்மான்னேன். அப்பவும் அதைத்தான் சொன்னேன்.

திரும்ப வைக்க முடியாதான்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. எத்தனை செலவானாலும்னேன். காசு விஷயம் இல்லம்மான்னாங்க. ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, தினமும் ராத்திரி ஒரே நேரத்துக்குப் போடணும். சில பேருக்குக் கேக்குமாம், அதுக்கும் மாசக் கணக்காகுமாம். இவருக்கு இன்னும் கேக்கல. மணியப் பாத்து மணியப் பாத்து நான்தான் குடுக்குறேன். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?

இது எதுவும் இவருக்குத் தெரியாது. டாக்டரு சொன்னப்ப வெளியே பெஞ்சுல தூங்கிட்டிருந்தாரு. என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. வயசானா அப்படித்தானாம்னு சொல்லிட்டேன்.

இப்ப என் கஷ்டம் என்னன்னா, இந்த லெட்டரு. அந்த டாக்டரம்மா ஆபீசுக்குக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தது. இங்கிலீசு, எனக்கு வராது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. இவரு மேல குத்தம் இல்ல, இது நோய், நேரத்தை மாத்தி வேலை குடுங்கன்னு இருக்கும். அது தெரியும். அந்த ஆபரேஷன் பத்தி இருக்கான்னு மட்டும் பாருங்க.

மொதல் வரியிலயேவா?

அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால அடிச்சுட்டா ஆகாதா? மிச்சம் அப்படியே இருக்கட்டுமே. ஆமா, அந்த டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. காரணம் இல்லாட்டி இது வெறும் காகிதம்னு. அந்த வரிதான் லெட்டராம்.

அங்க உள்ள உக்காந்து சத்தமா வாசிப்பாங்கள்ல டீச்சர்? இவருக்குத் தமிழ்லயும் சொல்லுவாங்கள்ல? எதுக்கு எடுத்தீங்க, வலி இருந்துச்சான்னு கேப்பாங்கள்ல? பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் நாப்பது வருஷம் அவரைப் பாத்துக்கிட்டதா நினைச்சேன். சரி, நாப்பது இல்ல, இருபத்தஞ்சு. அவருகிட்ட அவருக்குன்னு இருந்தது அந்தக் காலை நேரம் ஒண்ணுதான் போல. அதை நான் தொடைய அமுக்கி வாங்கிட்டேன்.

நீங்க சொல்றது புரியுது. இதைக் குடுத்தா வேலை நிலைக்கும், குடுக்காட்டி போயிரும். வீட்டுல ஒளிச்சு வச்சிருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கேனே, எனக்கும் அது தெரியாமலா? வேலைதான் பெருசு. வேலை போனா அந்த மனுஷன் எந்நேரமும் வீட்டுல உக்காந்து கொக்கி பிரிச்சுக்கிட்டு இருப்பாரு, என்னால பாக்க முடியாது. குடுத்துரணும். என்னை என்ன நினைச்சாலும் நினைச்சுக்கட்டும். குடுத்துர்றேன் டீச்சர். இறங்கினதும் நானே அவருகிட்டச் சொல்லிட்டு, குடுத்துர்றேன்.

பாலத்து மேல வந்துட்டோமா அதுக்குள்ள? என்னங்க. என்னங்க, எந்திரிங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு.

ஆமாங்க, விடிஞ்சுருச்சு. மணி பன்னண்டேகால். இல்லங்க, யாரும் திட்டல, பக்கத்து சீட்டு டீச்சரம்மாகிட்டப் பேசிட்டு வந்தேன். தலையச் சீவி விடுறேன், இருங்க.

என்னது, மன்னிப்புக் கேக்கப் போறீங்களா? எதுக்கு? எல்லாம் உங்க சோம்பேறித்தனந்தான்னு யாரு சொன்னா? நான் சொன்னேன்தான். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன், அதையெல்லாம் ஆபீசருங்ககிட்டப் போய்ச் சொல்லுவீங்களா?

கண்ணா? நேராத்தான் இருக்குங்க. ரெண்டும் நேரா இருக்கு. ஓரத்துல பூளை இருக்கு, துடைச்சு விடுறேன். இவங்ககிட்ட எதுக்குங்க அதெல்லாம்? கேட்டீங்களா டீச்சர் இவரு பேச்சை, எம் பொண்டாட்டி ஆசைப்பட்டு வச்சுவிட்ட கண்ணு, இது இருக்குற தைரியத்துலதான் இன்னிக்குப் பெரிய மனுஷங்க முன்னாடி நிக்கப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்றாரு.

காகிதச் சத்தமா? ஒண்ணும் இல்லங்க, பஸ் டிக்கெட்டு. நீங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிங்க, நான் பின்னாடியே வர்றேன்.

டீச்சர், அதை இப்படிக் குடுங்க. சத்தம் வராம மடிச்சுக் குடுங்க.